பெருவிரல் கட்டு

பெட்டியைத் திறந்தபோது அவை பற்பசை வெள்ளையில் இருந்தன. அச்சில் வார்த்த பிளாஸ்ரிக் எலும்புக்கூடுகள். ஆள் உயரம். மொத்தம் அறுபத்துநான்கு. விலா எலும்பு பத்துச் சோடிதான் இருந்தது. இரண்டு பாதங்களையும் ஒரே அச்சில் வார்த்திருந்தார்கள். இரண்டும் இடது கால்.

"ரெண்டு சோடி விலா குறையுது," என்றேன்.

"அதுகளுக்கு மூச்சு முட்டாது அண்ணை. நீங்கள் பயப்பிடாதேங்கோ," என்றான் ஸ்ரீதரன்.

ஸ்ரீதரன் வான் ஓட்டுபவன். பொதி கட்டுவது புஸ்பவதி அக்கா. நிறம் பூசுவது நான். ஜேர்மனியின் ஹம் நகரில், சரக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய மண்டபத்தில் வேலை செய்தோம். முதலாளி ஃப்ராவ் விட்காம்ப், ஒரு ஜேர்மன் பெண். முன்பு நாடக அரங்குகளுக்குத் திரை வரைந்தவர். இப்போது கடை யன்னல்களுக்கு அலங்காரம் செய்து கொடுத்தார். மாசியில், அதாவது பெப்ரவரியில், கார்னிவல் முகமூடி, பங்குனியில் ஈஸ்டர் முயல், மார்கழியில் தேவதை. இலையுதிர் காலத்துக்கு மட்டும் ஒன்றும் இருக்கவில்லை. அந்த வருடம், 1997இல், கடைகள் ஹலோவீனைக் கேட்டன. அது என்ன பண்டிகை என்று அங்கு பாதிப் பேருக்குத் தெரியாது. ஃப்ராவ் விட்காம்புக்கும் தெரியாது. ஒரு சஞ்சிகையில் படம் பார்த்து, "பழசாக இருக்கவேண்டும்" என்று மட்டும் சொன்னார்.

முதலாவதை அவரே பூசினார். தலை முதல் கால் வரை மண்ணிறம். பல்லும் மண்ணிறம். சொக்லேட்டில் செய்தது போல இருந்தது.

"பல் அப்படி ஆகாது," என்றேன். "எல்லாம் போனபிறகும் பல் வெள்ளையாகவே இருக்கும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தேன் என்று சொன்னேன். ஆய்வுகூடத்தில் ஒரு உண்மையான எலும்புக்கூடு கண்ணாடி அலுமாரிக்குள் நின்றது. மூன்று வருடம் அதைப் பார்த்திருக்கிறேன். அது மண்ணிறம் அல்ல. நீள எலும்புகளின் முனைகள் கொழுப்பேறி மஞ்சளாக இருக்கும். தசை பிடித்திருந்த இடம் கொஞ்சம் கறுக்கும். மண்டையோட்டின் தையல்களில் தூசி அடையும். நெற்றி மட்டும் வெளிறும்.

அன்றிலிருந்து எலும்புகள் என் பொறுப்பு.

வேலை கடினமில்லை. முதலில் சவர்க்காரத் தண்ணீரில் கழுவவேண்டும். அச்சு எண்ணெய் போகாவிட்டால் நிறம் பிடிக்காது. பிறகு தேய்க்கும் தாளால் மினுக்கத்தை எடுக்கவேண்டும். பிறகு தார் வார்னிஷை டர்பன்டைனில் கரைத்துத் தூரிகையால் பூசி, ஏழு நிமிடம் விட்டு, துணியால் துடைக்கவேண்டும். மேட்டில் இருப்பது போய்விடும். பள்ளத்தில் இருப்பது தங்கிவிடும். அவ்வளவுதான் பழமை. கடைசியில் முனைகளுக்குக் கொஞ்சம் காவிப்பொடி. ஒரு கூட்டுக்கு இரண்டு மணித்தியாலம். துடைப்பதற்கு ஏதோ ஒரு ஹோட்டலின் பழைய படுக்கை விரிப்புகளை வாங்கி வைத்திருந்தார் ஃப்ராவ் விட்காம்ப். வெள்ளை. அவற்றை நீள நீளமாகக் கிழித்துக்கொள்வேன்.

என் மனைவி டெல்சி இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்த வேலை என்னை ஒன்றும் செய்யவில்லை. மற்றவர்கள்தான் என் முகத்தைப் பார்த்தார்கள். "தம்பி, இந்த வேலையை நீங்கள் செய்யத்தான் வேணுமோ?" என்று புஸ்பவதி அக்கா கேட்டார். பிளாஸ்ரிக்தானே அக்கா என்றேன். உண்மையாகவே அப்படித்தான் இருந்தது.

*

புரட்டாதி நடுப்பகுதியில் மாமியின் மூன்றாவது கடிதம் வந்தது. டெல்சியின் தாய். இலங்கையில், பேசாலையிலிருந்து யுத்தத்தால் இடம்பெயர்ந்து மடுக் கோயில் அகதி முகாமில் இருந்தார். யாராவது ஒரு கத்தோலிக்கச் சுவாமி மன்னாரிலிருந்து கொழும்புக்குப் போகும்போதுதான் கடிதம் வெளியே வரும். ஒரு மாதம், சிலவேளை இரண்டு மாதம் எடுக்கும்.

மதிய இடைவேளையில் பிரித்து வாசித்தேன்.

"அன்பு மகன் பேனாட்டுக்கு, நான் கேட்ட படம் இன்னும் வரவில்லை. எங்கள் ஊரில் கடலுக்குப் போய் வராதவனுக்கும் உடல் கரை சேர்ந்த பிறகுதான் அழுவோம். அங்கேயிருந்து உங்கள் ஆட்கள் எழுதுகிறார்கள். ஒருவர் வெள்ளைச் சேலை என்கிறார். ஒருவர் கல்யாணக் கூறை என்கிறார். ஒரு பிள்ளைக்கு இரண்டு சேலையா? நான் எதை நம்புவது? கார்த்திகை இரண்டாம் திகதி, ஆத்துமாக்கள் திருநாளில், சுவாமி மரித்தவர்களின் பெயர்களை வாசிப்பார். ஐப்பசி முடிய முன்னம் பெயர் கொடுக்கவேண்டும். என் பிள்ளையின் பெயரை நான் இன்னும் உயிரோடிருப்பவர்களின் செபத்தில்தான் சொல்லுகிறேன். படம் இல்லையென்றால் இதையாவது எழுதுங்கள். என்ன உடுத்தினீர்கள்? கையில் செபமாலை வைத்தீர்களா? கால் கட்டினீர்களா? ஆர் கட்டினது? இவை தெரிந்தால் பெயரைக் கொடுப்பேன்."

கடிதத்தை இரண்டாம் தடவையும் வாசித்தேன்.

டெல்சி ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். மாசி பதினொன்று, செவ்வாய்க்கிழமை, லூர்து மாதா திருநாள். காலை வேலையில், ஒரு கிழவருக்குச் சப்பாத்துப் போட்டுவிடக் குனிந்தவள் எழும்பவில்லை. மூளையில் இரத்தக்குழாய் வெடித்திருந்தது. தலையில் சத்திரசிகிச்சை செய்து பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை இயந்திரத்தை நிறுத்தினார்கள். அவளுக்கு இருபத்தேழு வயது. எனக்கு முப்பத்தொன்று.

அடக்கம் செய்யும் நிறுவனத்தில் ஒரு படிவம் தந்தார்கள். அதில் ஒரு கேள்வி: இறந்தவரை இறுதியாக ஒருமுறை பார்க்க விரும்புகிறீர்களா? பக்கத்தில் இரண்டு சதுரம். ஆம். இல்லை.

எங்கள் ஊரில் இதை யாரும் கேட்பதில்லை. செத்தவீட்டில் உடல் நடு விறாந்தையில் கிடக்கும். அழுகிறவர்கள் சுற்றியிருப்பார்கள். பார்க்காமல் இருப்பதற்கு வீட்டில் இடம் இராது. இல்லை என்று சொல்லலாம் என்பதே எனக்குப் புதிது. மூன்று நாள் குழாய்களோடு பார்த்திருந்தேன். இல்லை என்ற சதுரத்தில் கோடு போட்டேன். அவ்வளவு இலகுவாக இருந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு பையில் உடுப்பு எடுத்துக் கொடுத்தேன். என்ன எடுத்தேன் என்று நினைவில்லை. பிறகு தொலைபேசியைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டேன்.

அடக்கத்துக்கு நாற்பது பேர் வந்தார்கள். டோர்ட்மண்டிலிருந்து நித்தியானந்தன் வீடியோக் கமராவோடு வந்தார். எங்கள் செத்தவீடுகளுக்கெல்லாம் அவர்தான் வீடியோ. ஊருக்கு அனுப்புவதற்கு. பெட்டி மூடிக் கிடந்ததைக் கண்டு, "திறக்கேலாதோ தம்பி?" என்று காதுக்குள் கேட்டார். ஏலாது என்றேன். அவர் கொஞ்ச நேரம் பனியைப் படம் பிடித்தார். பிறகு நிறுத்திவிட்டார்.

கடிதத்தை மடித்தேன். ஸ்ரீதரன் பாணுக்குள் மீன்பொரியல் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு விஷயம் தெரியும்.

"அண்ணை, நித்திரை மாதிரிக் கிடந்தா எண்டு எழுதிவிடுங்கோ. எல்லாரும் அப்பிடித்தான் எழுதுறவை."

"ஒருத்தரும் பாக்கேல்லையேடா."

"பாத்தா எழுதுறவை? என்ர மாமா செத்ததுக்கு நானும்தான் எழுதினனான். நான் அப்ப கெல்சென்கிர்ச்சனில பீட்சா போட்டுக்கொண்டு நிண்டனான்."

புஸ்பவதி அக்கா அவனை முறைத்தார். "வாயை மூடிக்கொண்டு தின். அந்த மனுசி முகாமில இருந்து கேக்குது. உனக்குப் பகிடி."

"பகிடி இல்லை அக்கா. அந்த மனுசிக்கு நல்லது எண்டுதான் சொல்லுறன். கூறை உடுத்தி, செபமாலை வைச்சு, கால் கட்டினது எண்டு எழுதினா அவ பூசை குடுப்பா. முடிஞ்சுது. ஆருக்கு நட்டம்?"

யாருக்கும் நட்டமில்லைத்தான். அன்று மாலை தாளை எடுத்து வைத்து, "அன்புள்ள மாமிக்கு" என்று எழுதினேன். அடுத்த வரி "கூறை உடுத்தி" என்று தொடங்கவேண்டும். அதை எழுத முடியவில்லை. உண்மையின் மேலிருந்த பற்றால் அல்ல. அவளுக்கு என்ன உடுத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது என்பது அந்த இடத்தில்தான் எனக்கே தெரிந்தது.

தாள் இரண்டு கிழமை மேசையில் கிடந்தது.

*

புரட்டாதி கடைசிக் கிழமை புஸ்பவதி அக்கா வேலைக்கு வரவில்லை. மகளின் ஔஸ்பில்டுங்குக்கு, தொழிற்பயிற்சிக்கு, இடம் தேடி அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். நான்கு நாள் பொதி கட்டும் வேலையும் என்னிடம் வந்தது.

எலும்புக்கூடுகள் பெட்டிக்குள் சும்மா கிடக்காது. தாடை வில்லில் தொங்கும். ஆட்டினால் பல்லோடு பல் அடித்து வார்னிஷ் உரியும். கால்கள் ஒன்றோடொன்று உரசும். அக்கா ஒவ்வொரு பாகத்தையும் கடதாசியில் தனித்தனியாகச் சுற்றுவார். எனக்கு அதற்குப் பொறுமை இருக்கவில்லை. கையில் விரிப்புத் துண்டுகள் இருந்தன. அவற்றால் கட்டினேன். முப்பத்தொரு பெட்டி முடித்தேன்.

திங்கட்கிழமை அக்கா திரும்பி வந்தார். வானில் ஏற்ற முன் எண்ணிக்கை பார்ப்பதற்கு ஒரு பெட்டியைத் திறந்தார். அப்படியே நின்றார். அடுத்ததைத் திறந்தார். அதற்கடுத்ததையும்.

"தம்பி," என்றார். "இஞ்ச வாங்கோ."

போனேன்.

"என்ன இது?"

பார்த்தேன். வெள்ளைத் துணி தாடைக்குக் கீழே போய், கன்னங்களில் ஏறி, உச்சியில் முடிச்சாக இருந்தது. கைகள் நெஞ்சில் சேர்ந்து, கட்டைவிரல் இரண்டும் ஒன்றாகக் கட்டியிருந்தன. கால்கள் நீட்டியிருந்தன. பெருவிரல்களை ஒரு மெல்லிய துண்டு சேர்த்துப் பிடித்திருந்தது. இரண்டும் இடது கால் என்றபடியால் பெருவிரல்கள் பக்கத்துப் பக்கத்தில் வராது. துணி ஒரு பாதத்தின் மேலால் குறுக்கே போய் மற்றப் பெருவிரலைப் பிடித்திருந்தது. சிரமப்பட்டுத்தான் கட்டியிருக்கிறேன். முப்பத்தொரு தடவை.

"பொதி கட்டினனான் அக்கா," என்றேன்.

"பொதியோ இது?"

ஸ்ரீதரன் எட்டிப் பார்த்தான். தொப்பியைக் கழற்றிவிட்டு வெளியே போய் சிகரெட் பற்றவைத்தான்.

நானும் அக்காவும் கட்டுகளை அவிழ்க்கத் தொடங்கினோம். தார் வார்னிஷ் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். உள்ளே காயப் பல நாள் எடுக்கும். துணி அதில் ஒட்டியிருந்தது. இழுத்தபோது நிறமும் சேர்ந்து வந்தது. ஒவ்வொரு பெருவிரலிலும் ஒரு வெளிறிய வளையம். தாடையிலிருந்து உச்சி வரை ஒரு வெளிறிய பட்டி.

ஃப்ராவ் விட்காம்ப் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தார். ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். இன்னும் அவிழ்க்காத ஒன்றையும் பார்த்தார்.

"பல்வலியா இவருக்கு?" என்றார். நாங்கள் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார். "இது என்ன, பேனாட்?"

"நாங்கள் இப்படித்தான் செய்வோம்."

"யாருக்கு?"

"இறந்தவர்களுக்கு. வாய் திறவாமல். கை கால் விலகாமல். உடல் விறைக்க முன் கட்டவேண்டும். வீட்டு ஆட்கள்தான் கட்டுவார்கள்."

அவர் எலும்புக்கூட்டை மேசையில் வைத்தார். எறிவதுபோல் அல்ல, மெதுவாக வைத்தார்.

"உங்கள் மனைவிக்கும் இப்படிச் செய்தார்களா?"

"தெரியாது."

"தெரியாதென்றால்?"

"நான் பார்க்கவில்லை. மாமி கேட்கிறார். என்னால் பதில் எழுத முடியவில்லை."

டொச்சு மொழியில் அதைச் சொல்வது சுலபமாக இருந்தது. படிவம் நிரப்புவதுபோல. ஏழு மாதத்தில் முதல் தடவையாகச் சொல்கிறேன் என்பது சொன்ன பிறகுதான் விளங்கியது.

ஃப்ராவ் விட்காம்ப் கொஞ்சம் யோசித்தார். "அங்கே யாரோ ஒருவர் அவளைப் பார்த்திருக்கிறார்," என்றார். "யாரோ ஒருவர்தான் உடுத்தியிருக்கவேண்டும். இந்த நாட்டில் அதற்கும் ஒரு தாள் இருக்கும். போய்க் கேளுங்கள்."

அலுவலகத்துக்குள் போய் அவரே தொலைபேசியில் பேசினார். வெளியே வந்து ஒரு துண்டைத் தந்தார். அடக்க நிறுவனத்தின் எண், புதன்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு டெர்மின், சந்திப்பு நேரம்.

"வளையங்களைத் திருப்பிப் பூசவா?" என்று கேட்டேன்.

அவர் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தார். "வேண்டாம். அப்படியே போகட்டும்."

*

அந்த நிறுவனத்துக்கு மாசிக்குப் பிறகு நான் போனதில்லை. முன்னறையில் அதே செயற்கைப் பூச்சாடி. படிவம் தந்த ஆள் இல்லை. ஒரு பெண் உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும். முழங்கை வரை சட்டையை மடித்திருந்தார். பெயர் லிசோவ்ஸ்கி. உடல்களைக் கழுவி உடுத்துவது அவர் வேலை.

"உங்கள் மனைவியை எனக்கு நினைவிருக்கிறது," என்றார். "நீளத் துணி."

கோப்பைத் திறந்தார். ஒரு தாள். அதை வாசிக்காமல் மேசையில் விரித்து வைத்துவிட்டுப் பேசினார்.

"நீங்கள் பையில் ஒரு சிவப்புத் துணியும் ஒரு சிறு சட்டையும் தந்திருந்தீர்கள். தங்கக் கரை."

கூறை. அரக்கு நிறம். அப்படியானால் அதைத்தான் எடுத்திருக்கிறேன்.

"சட்டையைப் போட்டேன். முன்னால் கொக்கி. அது எனக்குத் தெரியும். துணியை எப்படிச் சுற்றுவது என்று தெரியவில்லை. ஆறு மீட்டர் இருந்தது. அளந்து பார்த்தேன். உங்களுக்கு இரண்டு தடவை தொலைபேசி எடுத்தேன்."

"கழற்றி வைத்திருந்தேன்."

"அப்படித்தான் நினைத்தேன். பலர் கழற்றிவிடுவார்கள்." அவர் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. "பிழையாகக் கட்டக்கூடாது. உங்கள் ஆட்கள் யாரும் பார்க்காவிட்டாலும் பிழை பிழைதான். அதனால் கட்டவில்லை. நான்காக மடித்து, கழுத்திலிருந்து கீழே போர்த்திவிட்டேன். தங்கக் கரை மேலே வரும்படி."

"கையில்?"

"செபமாலை. அவள் கைப்பைக்குள் இருந்தது என்று ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தி கொடுத்துவிட்டாள். நீல மணி. வலது கையில் மூன்று சுற்றுச் சுற்றினேன். நானும் கத்தோலிக்கம்தான்."

பிறகு தலைமுடியைப் பற்றிச் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஒரு பக்கத்தை மழித்திருந்தார்கள். மற்றப் பக்க முடியைச் சீவி, மழித்த பக்கத்துக்குக் கொண்டுவந்து வைத்தாராம். நிறைய முடி இருந்தபடியால் போதுமாக இருந்ததாம்.

நான் தலையாட்டினேன்.

"வாய் மூடியிருந்ததா?"

"மூடியிருந்தது. அதை நாங்கள் எப்போதும் செய்வோம்."

"கால்?"

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். "இது தாளில் இல்லை. பையில் காலுக்கு ஒன்றும் இருக்கவில்லை. சப்பாத்தும் இல்லை. நிலம் உறைந்து கிடந்தது, உங்களுக்குத் தெரியும், இயந்திரம் வைத்துத்தான் கிண்டினார்கள். என் அலுமாரியில் மாற்றுவதற்கு ஒரு சோடிக் காலுறை வைத்திருப்பேன். கம்பளி. என் அக்கா பின்னியது. அதைப் போட்டுவிட்டேன்."

நான் மேசையில் விரித்திருந்த தாளைப் பார்த்தேன்.

"பிழையா?" என்று கேட்டார்.

"இல்லை. கால்களைக் கட்டினீர்களா? பெருவிரல் இரண்டையும் சேர்த்து?"

"இல்லை. ஏன்?"

சொன்னேன். என் கட்டைவிரல்களைச் சேர்த்துக் காட்டினேன். அவர் கவனமாகப் பார்த்தார்.

"தெரிந்திருந்தால் கட்டியிருப்பேன்," என்றார்.

படம் ஏதும் எடுத்தீர்களா என்று கேட்டேன். எடுப்பதில்லை என்றார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அழவில்லை. ரயில் நிலையத்துக்குப் போகும் வழி எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் இரண்டு இடத்தில் பிழையாகத் திரும்பினேன்.

அன்றே எழுதினேன்.

"அன்புள்ள மாமிக்கு, படம் இல்லை. பெட்டி மூடியிருந்தது. நான் டெல்சியைப் பார்க்கவில்லை. பார்க்கிறீர்களா என்று கேட்டார்கள், இல்லை என்றேன். அது என் பிழை. உங்களுக்கு எழுதியவர்கள் ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்தவர் ஒரு டொச்சுப் பெண். பெயர் லிசோவ்ஸ்கி. இன்று அவரிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னதை எழுதுகிறேன். கூறையின் சட்டையைப் போட்டார். சேலை கட்டத் தெரியாதபடியால் கூறையை நான்காக மடித்துப் போர்த்தினார். நீங்கள் கொடுத்த நீலச் செபமாலை வலது கையில் இருந்தது. வாய் மூடியிருந்தது. கால் கட்டவில்லை. கட்டுவதற்கு எங்கள் ஆட்கள் யாரும் இருக்கவில்லை. நான் இருந்திருக்கவேண்டும். நிலம் உறைந்திருந்தபடியால் அந்தப் பெண் தன் அக்கா பின்னிக்கொடுத்த கம்பளிக் காலுறையைப் போட்டுவிட்டார். இவ்வளவும்தான் எனக்குத் தெரியும்."

இவ்வளவும்தான் என்பது முழு உண்மையல்ல. தலைமுடியைப் பற்றி எழுதவில்லை.

டோர்ட்மண்டில் தமிழ்ப் பூசை வைக்க வந்திருந்த சுவாமி ஒருவர் ஐப்பசி பத்தாம் திகதி கொழும்புக்குப் போனார். அவர் கையில் கொடுத்துவிட்டேன். "ரெண்டாம் திகதிக்கு முதல் மடுவுக்குப் போகுமோ சுவாமி?" என்று கேட்டேன். "பாதை திறந்திருந்தால்," என்றார்.

*

எலும்புக்கூடுகள் கடைகளுக்குப் போயின. டோர்ட்மண்டில் ஒரு பெரிய கடையின் யன்னலில் எட்டு நின்றனவாம். ஸ்ரீதரன் பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

"சனம் கண்ணாடியில மூக்கை வைச்சுக்கொண்டு நிக்குது அண்ணை. உண்மையான எலும்போ எண்டு ஒரு மனுசி கேட்டவ. ஓம், எங்கட பேனாட் அண்ணையின்ர உருப்படி எண்டு சொல்ல வாய் உன்னினது."

"சொல்லியிருக்கலாமே."

"பொலிஸ் வந்திருக்கும்."

அக்கா சிரித்தார். நானும் கொஞ்சம் சிரித்திருக்கவேண்டும். இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

யன்னலைப் பார்க்க நான் போகவில்லை. ஹலோவீனுக்கு அடுத்த நாள் இங்கு சகல பரிசுத்தவான்களின் திருநாள். விடுமுறை. பிற்பகலில் சேமக்காலை முழுவதும் சிவப்பு விளக்குகள் எரிந்தன. குரு கல்லறை கல்லறையாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டு போனார். டெல்சிக்கு இன்னும் கல் வைக்கவில்லை. மண் இறங்க ஒரு வருடம் விடவேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். மரச்சிலுவை மட்டும் நின்றது. புஸ்பவதி அக்காவும் வந்தார். அவர் சைவம். கையில் ஒரு விளக்கை வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று கேட்டார். கால்மாட்டில் வையுங்கோ என்றேன்.

அடுத்த நாள் இரண்டாம் திகதி. கடிதம் மடுவுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. அங்கே பூசை நேரம் இங்கே விடிய முன்னம். கதிரையில் இருந்தேன். பெயர் வாசித்திருப்பார்களா, அல்லது மாமி இன்னும் மற்றச் செபத்தில்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாரா என்று யோசித்தேன். பிறகு வெளிச்சம் வந்தது. முகம் கழுவிக்கொண்டேன்.

நத்தாருக்கு ஒரு கிழமை முன் பதில் வந்தது. அப்போது மண்டபத்தில் தேவதைகள். எண்பது சோடி இறக்கை. அவற்றுக்குப் பழமை தேவையில்லை. அக்காவும் ஸ்ரீதரனும் சாப்பாட்டை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் சத்தமாக வாசித்தேன்.

"அன்பு மகன் பேனாட்டுக்கு, பாதை பூட்டியிருந்தது. உங்கள் கடிதம் திருநாள் முடிந்து ஏழாம் நாள்தான் கிடைத்தது. அடுத்த ஞாயிறு பூசையில் சுவாமி தனியாக ஒரு பெயர் வாசித்தார். அவள் பெயர். நான் முழந்தாளில் இருந்தேன். மகன், நித்திரை மாதிரிக் கிடந்தாள் என்று எனக்கு நான்கு பேர் எழுதினார்கள். மூடின பெட்டிக்குள் அவர்கள் எதைக் கண்டார்களோ தெரியாது. நீங்களும் அப்படி எழுதியிருந்தால் நான் இன்னும் அவளைத் தேடிக்கொண்டிருப்பேன். காலுறை என்று வாசித்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. பொய் எழுதுகிறவனுக்குக் காலுறை நினைவில் வராது. நீங்கள் பார்க்காதது எனக்குக் கோபம்தான். அதை மறைக்கமாட்டேன். ஆனால் போய்க் கேட்டீர்கள். அந்தப் பெண்ணுக்கு என் பெயரைச் சொல்லி நன்றி சொல்லுங்கள். அவரின் தமக்கைக்கும் ஒரு பூசை கொடுக்கலாம், பெயரை அனுப்பினால். ஒன்று எழுத விட்டுவிட்டீர்கள். காலுறை என்ன நிறம்?"

ஸ்ரீதரன் மூக்கை உறிஞ்சினான். "மணம் ஒத்துக்கொள்ளுதில்லை," என்றான். அன்று மண்டபத்தில் ஒரு வார்னிஷும் திறந்திருக்கவில்லை.

"நிறம் தெரியுமோ தம்பி?" என்று அக்கா கேட்டார்.

தெரியாது. கேட்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை. நிறம் பார்ப்பதுதான் என் வேலை.

எழும்பி ஃப்ராவ் விட்காம்பின் அலுவலகத்துக்குப் போனேன். தொலைபேசியைக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு, தன் கோப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எண் அந்தத் துண்டில் இருந்தது. சட்டைப் பையில் இன்னும் வைத்திருந்தேன்.

ஃப்ராவ் லிசோவ்ஸ்கியைக் கூப்பிட்டார்கள். வருவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. யார் என்று சொன்னேன். கேள்வியைக் கேட்டேன்.

அவர் யோசித்தார்.

"சாம்பல்," என்றார். "விளிம்பில் ஒரு பச்சைக் கோடு. பச்சை நூல் குறைந்துபோய், ஒரு காலில் மட்டும் கோடு மெல்லிசாக இருக்கும்."

"எந்தக் கால்?"

"இடது," என்றார். "ஆம். இடது."

மேசையிலிருந்த பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டேன். பிறகு அவருடைய அக்காவின் பெயரைக் கேட்டேன்.